ஈஸ்ட் ஹாமில் எங்கள் தெருவில் மூன்று வீடு மட்டும் வேறு மாதிரி இருப்பது ஏன்? போரில் குண்டு விழுந்த இடமா?

தாமரைக்குளம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது லண்டன் ஈஸ்ட் ஹாமில், ஹை ஸ்ட்ரீட் நார்த்திலிருந்து பிரிகிற ஒரு குறுக்குத் தெரு. தெரு நெடுக 1900 வாக்கில் கட்டிய ஒட்டு வீடுகள், எல்லாவற்றுக்கும் முன்னால் பிதுங்கி நிற்கிற ஜன்னல், வாசல் தூணில் இலையும் பூவுமாக வேலைப்பாடு. நடுவில் மூன்று வீடு மட்டும் சப்பையாக, ஜன்னல் பிதுங்காமல், வேலைப்பாடு எதுவும் இல்லாமல், செங்கல்கூட வேறு நிறமாக இருக்கிறது. அந்த மூன்றை ஒட்டி நிற்கும் பழைய வீடுதான் எங்களுடையது. அந்தப் பக்கச் சுவரில் மாடி உயரத்தில் நீளமாக ஒரு விரிசல். முன்பு இருந்தவர்கள் பூசிப் பூசி மறைத்திருக்கிறார்கள், ஆனாலும் திரும்பத் திரும்ப எட்டிப் பார்க்கிறது.

முனை வீட்டில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி இருக்கிறார், தொண்ணூறைத் தாண்டியவர், இந்தத் தெருவிலேயே பிறந்தவர். "அங்கே குண்டு விழுந்தது, அந்த வீட்டுப் பிள்ளைகளும் நானும் ஒரே பள்ளிக்கூடம், அப்புறம் அவர்களைப் பார்க்கவே இல்லை" என்றார். செத்துப்போனார்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே, "உயிர் தப்பிவிட்டார்கள், எங்கேயோ அனுப்பிவிட்டார்கள்" என்றார். அதைக் கேட்டதிலிருந்து அந்த மூன்று வீட்டைக் கடக்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளைகள் ஞாபகம்தான்.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். அங்கே உண்மையில் குண்டு விழுந்ததா என்பதை எப்படி உறுதி செய்வது? அப்புறம், வீடு போன சனங்கள் எங்கே போனார்கள், திரும்பி வந்தார்களா? தேடினால் சர்ச்சில் பேச்சும், புகைக்கு நடுவே நிற்கும் செயின்ட் பால் தேவாலயமும், சுரங்க ரயில் நிலையத்தில் பாட்டுப் பாடிய கதையும்தான் கொட்டுகிறது. ஒரு சாதாரணத் தெருவுக்கு என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள். பின்பக்கம் சமையலறையை நீட்டிக் கட்டும் யோசனையும் இருப்பதால் அந்தச் சுவரைப் பற்றிய கவலையும் சேர்ந்துகொண்டது.


மேஸ்திரி மகன் எழுதியது:

வீடு வாங்குகிறவர்களுக்காகக் கட்டடத்தைப் பார்த்து அறிக்கை கொடுப்பதுதான் என் வேலை, பெரும்பாலும் இந்தக் கிழக்கு லண்டன் பக்கம்தான், அதனால் முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன்.

நடுவில் இரண்டு மூன்று வீடு மட்டும் வேறாக இருந்தால் குண்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஜெர்மன் விமானங்கள் அதிகம் போட்டது 50 கிலோ குண்டுதான். இந்த ஒட்டு வீடுகளின் பொதுச்சுவர் 9 அங்குலச் செங்கல், அதுவும் சுண்ணாம்புக் கலவையில் கட்டியது, ஒன்றின் மேல் நேராக விழுந்தால் அதுவும் பக்கத்து வீடும் சேர்ந்து சரியும், அதற்கு அடுத்தது ஓடும் கண்ணாடியும் போய், கூரை உட்பூச்சு கொட்டி, ஆனால் நின்றுகொண்டிருக்கும். உங்கள் வீடு அந்த 'அடுத்தது' ஆக இருக்கலாம். 1944, 45-இல் வந்த வி-1 பறக்கும் குண்டும் வி-2 ராக்கெட்டும் வேறு ரகம், வி-2 தலையில் கிட்டத்தட்ட ஒரு டன் வெடிமருந்து, அது விழுந்த இடத்தில் மூன்று வீடு போகாது, தெருவின் ஒரு பகுதியே போகும். ஈஸ்ட் லண்டனில் பழைய வீட்டு வரிசை திடீரென்று நின்று, ஐம்பதுகளில் கட்டிய அடுக்கு வீடு ஒன்று வந்து, மறுபடி பழைய வரிசை தொடர்ந்தால் அந்த மாதிரி இடமா என்று பார்க்க வேண்டும்.

நீங்களே வெளியில் நின்று பார்க்கக்கூடிய ஒன்று சொல்கிறேன். உங்கள் வீட்டு முன்சுவரில் செங்கலின் நீளப்பக்கம் ஒன்று, தலைப்பக்கம் ஒன்று என்று மாறி மாறி வரும், ஏனென்றால் அது கெட்டிச் சுவர், தலைப்பக்கம் தெரிகிற கல் சுவரின் குறுக்கே உள்ளே போயிருக்கிறது. அந்த மூன்று வீட்டில் எல்லாக் கல்லும் நீளப்பக்கமாகவே தெரிந்தால் அது இரண்டு அடுக்காக, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டிய சுவர். போருக்குப் பிறகு இங்கே அதுதான் வழக்கம். இரண்டும் சேரும் கோட்டில் பாருங்கள், பழைய கல்லைப் பல்லுப் பல்லாக விட்டுப் புதியதைக் கோத்திருக்கிறார்களா, இல்லை நேர்கோடாக ஒட்டி நிறுத்தியிருக்கிறார்களா என்று. உங்கள் விரிசல் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை. சுவரில் வட்டமாகவோ பெருக்கல் குறி போலவோ இரும்புத் தட்டு தெரிந்தால் மட்டும் உடனே குண்டு என்று சொல்லிவிடாதீர்கள், உப்பிய சுவரை இழுத்துப் பிடிக்கப் போருக்கு முன்பே அதை நிறையப் போட்டிருக்கிறார்கள்.

ஆவணம் என்று பார்த்தால், எல்லோரும் சொல்கிற லண்டன் கவுண்டி கவுன்சில் (அப்போதைய லண்டன் நிர்வாகம்) போட்ட குண்டுச் சேத வரைபடம் உங்களுக்கு உதவாது. வீடு வீடாக வண்ணம் தீட்டிய அருமையான வரைபடம் அது, முழுதாக அழிந்தது கறுப்பு, சீர் செய்ய முடியாதது ஊதா, அப்படியே சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று இறங்கும், ஆனால் அது உங்களுக்கு மேற்கே இருக்கிற ஸ்டெப்னி, பாப்லர், பெத்னல் கிரீன் வரைக்கும்தான். ஈஸ்ட் ஹாமும் வெஸ்ட் ஹாமும் அப்போது எஸ்ஸெக்ஸ் கணக்கு, 1965-இல் நியூஹாம் ஆன பிறகுதான் லண்டனுக்குள் வந்தன. 'பாம் சைட்' என்கிற இணைய வரைபடத்தில் உங்கள் பகுதியும் வரும், ஆனால் அது 1940 அக்டோபர் 7 முதல் 1941 ஜூன் 6 வரைக்கும்தான், மிக மோசமான முதல் மாதத்தின் பெரும்பகுதியும் பின்னால் வந்த வி-1, வி-2வும் அதில் கிடையாது. அங்கே உங்கள் தெருவில் புள்ளி இல்லை என்பதற்காகக் குண்டு விழவில்லை என்று நினைத்துவிடக் கூடாது.

நான் வழக்கமாகச் செய்வது இதுதான்: ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே (அரசு நில அளவை) வரைபடங்கள் இலவசம், 1910 வாக்கில் வந்ததையும் 1950-களின் தொடக்கத்தில் வந்த பெரிய அளவு வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னதில் வீடு இருந்து, பின்னதில் வெறும் கட்டமாகவோ 'இடிபாடு' என்றோ இருந்தால் விஷயம் முடிந்தது. அதோடு நியூஹாம் ஆவணக் காப்பகத்தில் தெருப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.


ஸ்டெப்னி வாசகி எழுதியது:

தாமரைக்குளம், உங்கள் இரண்டாவது கேள்வி என்னைப் பல வருடமாகப் பிடித்து வைத்திருக்கிற கேள்வி, அதனால் கொஞ்சம் நீளும்.

1940 செப்டம்பர் 7, சனிக்கிழமை, மாலை ஐந்து மணி வாக்கில் முந்நூறுக்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் தேம்ஸ் நதியை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு மேலேறி வந்தன. குறி துறைமுகம். சர்ரே துறைமுகத்தில் மலை மலையாக மரம் அடுக்கியிருந்தது, சில்வர்டவுனில் சர்க்கரை ஆலை, பெக்டனில் எரிவாயு ஆலை, கிடங்குகளில் ரம், பெயிண்ட், ரப்பர். இருட்டிய பிறகு வந்த அடுத்த அணிக்கு விளக்கே தேவைப்படவில்லை, அந்தத் தீயே வழி காட்டியது. அன்றைக்கு மட்டும் சுமார் 430 பேர் இறந்தார்கள், அதிலிருந்து தொடர்ந்து 57 இரவுகள் லண்டன் மேல் குண்டு விழுந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர்கள் துறைமுக மதிலை ஒட்டித்தான் குடியிருக்க முடியும், காலையில் வாசலில் நின்று அன்றைய வேலை கேட்க வேண்டுமே. ஆகவே துறைமுகத்தைக் குறி வைத்தால் அடி விழுவது அவர்கள் வீட்டின் மேல்தான்.

வீடு இழந்தவர்களை அரசாங்கம் எப்படி நடத்தியது என்பதற்கு கானிங் டவுனில் சவுத் ஹால்ஸ்வில் பள்ளி ஒன்றே போதும். முதல் நாள் குண்டில் வீடு போன குடும்பங்களை அந்தப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து வைத்தார்கள், பேருந்து வந்து வேறு ஊருக்கு அழைத்துப்போகும் என்றார்கள். பேருந்து வரவில்லை. காத்திருந்தார்கள், ஒரு நாள், இன்னொரு நாள். செப்டம்பர் 10 விடிவதற்கு முன் குண்டு நேராகப் பள்ளி மேலேயே விழுந்தது. அரசாங்கக் கணக்கில் 77 பேர். அந்தப் பகுதி சனங்கள் அதை ஒருநாளும் ஏற்கவில்லை, பல நூறு பேர் என்றே தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். எனக்கு இதில் ஆறவே ஆறாதது குண்டு விழுந்தது மட்டும் இல்லை, அத்தனை பேரை அங்கே அப்படி உட்கார வைத்திருந்ததும்தான்.

சரி, எங்கே போனார்கள்? முதலில் சொந்தக்காரர் வீடு, அப்புறம் கிராமம், அரசாங்கம் கையகப்படுத்திய காலி வீடு, இப்படித்தான். திரும்பி வர முடிந்ததா என்பதுதான் முக்கியம், அதற்கு இரண்டு விஷயம் புரிய வேண்டும். ஒன்று, அந்தக் காலத்து ஈஸ்ட் எண்டில் பெரும்பாலோர் வாடகைக்கு இருந்தவர்கள். 1941-இல் போர்ச் சேதச் சட்டம் வந்தது, சீர் செய்யக்கூடிய வீட்டுக்குச் செலவு கொடுப்பார்கள், முழுதாகப் போன வீட்டுக்கு 1939 விலையில் மதிப்புப் போட்டுத் தருவார்கள், ஆனால் அந்தப் பணம் வீட்டுச் சொந்தக்காரருக்கு. முப்பது வருடம் அதே வீட்டில் வாடகை கட்டிப் பிள்ளை பெற்று வளர்த்தவருக்கு மேசை நாற்காலிக்கு ஏதாவது கிடைத்தால் உண்டு, அந்த மனையில் ஓர் அடிகூட உரிமை இல்லை. இரண்டு, 1944-இல் வந்த நகரமைப்புச் சட்டம், குண்டு விழுந்த பகுதிகளை உள்ளாட்சி மொத்தமாகக் கட்டாயக் கொள்முதல் செய்யலாம் என்று வழி திறந்தது.

போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1943-இல், கட்டடக் கலைஞர் ஃபோர்ஷாவும் நகரமைப்பாளர் ஆபர்குரோம்பியும் லண்டன் கவுண்டிக்கு ஒரு திட்டம் போட்டார்கள். ஈஸ்ட் எண்டில் ஏக்கருக்கு 136 பேருக்கு மேல் கூடாது என்று அதில் வைத்தார்கள். அதற்கு மேல் இருக்கிறவர்கள் வெளியே போக வேண்டும், லண்டன் கவுண்டி முழுக்கச் சேர்த்து ஐந்து லட்சத்துக்கும் மேல். ஸ்டெப்னியிலும் பாப்லரிலும் சுமார் 1,300 ஏக்கரை ஒரே மறுசீரமைப்புப் பகுதியாக அறிவித்தார்கள். அதில் குண்டு விழுந்த மனையும் இருந்தது, குண்டு விழாமல் நின்ற தெருவும் இருந்தது. கோடு போட்டால் இரண்டும் அதற்குள்.

எண்ணிக்கையைப் பாருங்கள்: ஸ்டெப்னியில் 1931-இல் சுமார் 2,25,000 பேர், 1951-இல் ஒரு லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு. அதில் குண்டில் செத்தவர்கள் சிறு பகுதிதான். 1940 செப்டம்பர் முதல் 1941 மே வரை குண்டு பொழிந்த, 'பிளிட்ஸ்' என்கிற அந்த எட்டு மாதத்தில் பிரிட்டன் முழுக்க இறந்த பொதுமக்களே சுமார் 43,000. மீதிப் பேர் போருக்கு முன்பும், போரின்போதும், அதற்குப் பிறகும் வெளியே போனவர்கள், 1951-க்குப் பிறகும் டெப்டன், ஹெரால்ட் ஹில் மாதிரிக் குடியிருப்புகளுக்கும், ஹார்லோ, பாஸில்டன் மாதிரிப் புது நகரங்களுக்கும் போவது தொடர்ந்தது. உங்கள் பாட்டி சொன்ன 'எங்கேயோ' ஈஸ்ட் ஹாமைப் பொறுத்தவரை போருக்குப் பிறகு பாஸில்டனில் முடிந்திருக்கவும் வாய்ப்பு இருக்கிறது, ஈஸ்ட் ஹாமிலிருந்தும் வெஸ்ட் ஹாமிலிருந்தும் நிறையக் குடும்பம் அங்கே போனது. குண்டு வீட்டை இடித்தது, ஊரைக் கலைத்தது அதற்குப் பிறகு மேசையில் உட்கார்ந்து போட்ட திட்டம் என்பதுதான் நான் படித்ததிலிருந்து எனக்குத் தெரிவது.


வெயிலான் எழுதியது:

வாசகி அக்கா, இதில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் பல வருடம் கவுன்சில் வீட்டு வசதிப் பிரிவில் வேலை பார்த்தவன். அந்தப் பழைய தெருக்களைப் பற்றி இப்போது எல்லோரும் உருகுகிறார்கள், ஆனால் ஒரு வீட்டில் இரண்டு மூன்று குடும்பம், முற்றத்தில் ஒரு குழாய், முற்றத்துக் கடைசியில் ஒரு கக்கூஸ், சுவர் முழுக்க மூட்டைப்பூச்சி, இதுதான் நிலைமை. ஸ்டெப்னி மக்கள் தொகை 1901-இல் கிட்டத்தட்ட மூன்று லட்சம், போருக்கு முன்பே 75,000 குறைந்துவிட்டது. கையில் கொஞ்சம் காசு வந்தவர்கள் தாங்களாகவே வெளியேறிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி மகன் சொன்ன கவுண்டி வரைபடத்தில் பச்சை நிறமும் உண்டு, அது என்னவென்றால் சேரி ஒழிப்புக்கு என்று ஒதுக்கிய இடம்.

தற்காலிக வீடுகளைப் பாருங்கள். 1944 சட்டத்தின்படி நாடு முழுக்கச் சுமார் 1,56,000 வீடுகளைத் தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து வைத்தார்கள், பெரும்பாலும் குண்டு விழுந்த மனைகளிலும் பூங்காக்களிலும். பத்து வருடத்துக்கு என்று வைத்தது. உள்ளே குளியலறை, வீட்டுக்குள்ளேயே கழிப்பறை, பொருத்திய சமையலறை, குளிர்சாதனப் பெட்டி! 1946-இல் ஒரு துறைமுகத் தொழிலாளி மனைவிக்கு அது என்னவாக இருந்திருக்கும்? பத்து வருடம் முடிந்ததும் காலி செய்யச் சொன்னால் பல பேர் போக மறுத்தார்கள். தெற்கு லண்டனில் காட்ஃபர்டில் எக்ஸ்காலிபர் எஸ்டேட்டில் 187 வீடு அப்படியே இந்த நூற்றாண்டு வரை நின்றது, அதில் ஆறு வீட்டை 2009-இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாகவே அறிவித்தார்கள்.

பாப்லரில் லான்ஸ்பரி எஸ்டேட் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? 1951 பிரிட்டன் விழாவில் கட்டடக் கண்காட்சியாகவே அதைத் திறந்தார்கள், குண்டு விழுந்த இடத்தில் எழுந்த புது ஊரை ஆட்கள் டிக்கெட் வாங்கி வந்து பார்த்தார்கள். மஞ்சள் செங்கல், தாழ்ந்த கட்டடம், கிரிஸ்ப் ஸ்ட்ரீட் சந்தை, நடுவில் கடிகாரக் கோபுரம். இன்றைக்கும் அந்தச் சந்தையில் மீனும் காய்கறியும் வாங்குகிறார்கள். திட்டம் போட்டவர்கள் எல்லாம் ஊரைக் கலைக்க உட்கார்ந்தார்கள் என்று சொல்வது நியாயம் இல்லை.


ஸ்டெப்னி வாசகி எழுதியது:

வெயிலான் தம்பி, லான்ஸ்பரி நல்ல இடம்தான், அதில் சண்டை இல்லை. போருக்கு முன்பே ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள் என்பதும் சரி. ஆனால் தானாகப் போகிறவர் தங்கச்சி குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு போவார், அம்மா வீட்டுக்கு நடந்து வரக்கூடிய தூரத்தில் பார்ப்பார். 1950-களில் பெத்னல் கிரீனில் சமூகவியல்காரர்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்கிறார்கள். கல்யாணமான பெண்ணும் அம்மாவும் அடுத்தடுத்த தெருவில், தினமும் ஒருவர் வீட்டில் ஒருவர், பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும் கடைக்குப் போவதும் சேர்ந்துதான். எஸ்ஸெக்ஸ் குடியிருப்புக்குப் போன குடும்பங்களில் அந்தப் போக்குவரத்து சுருங்கிப் போயிருந்தது, பேருந்துக் காசும் நேரமும் கட்டுப்படியாகவில்லை. வீடு கொடுக்கும்போது ஒவ்வொரு குடும்பமாகப் பார்த்துக் கொடுத்தார்கள், தெருவாகப் பார்க்கவில்லை. அதைத்தான் சொன்னேன்.

எல்லாம் லான்ஸ்பரி மாதிரியும் முடியவில்லையே. உங்கள் நியூஹாமிலேயே, கானிங் டவுனில், அவசர அவசரமாகக் கான்கிரீட் பலகைகளை அடுக்கி 22 மாடியில் ரோனன் பாயிண்ட் என்று கட்டினார்கள். திறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருக்கும், 1968 மே 16 அதிகாலை, பதினெட்டாம் மாடியில் ஒரு பெண் டீ போட அடுப்பைப் பற்றவைத்தார், கசிந்திருந்த எரிவாயு வெடித்து வெளிச்சுவர்ப் பலகை பெயர்ந்தது, அது தாங்கி நின்ற மேல்மாடிகளும், அவை விழுந்த வேகத்தில் கீழ்மாடிகளும், மூலை முழுக்கச் சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள், பற்றவைத்த பெண் பிழைத்துக்கொண்டார். போர் முடிந்து 23 வருடம் ஆகியும் வீட்டுப் பஞ்சம் தீராததால் வந்த அவசரம் அது. அதற்குப் பிறகுதான் ஓரிடத்தில் அடிபட்டால் கட்டடம் முழுக்கச் சரியக் கூடாது என்று விதியையே மாற்றினார்கள்.

யூதக் குடும்பங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1945 மார்ச் 27 காலையில், லண்டனுக்குள் கடைசியாக விழுந்த வி-2களில் ஒன்று, ஸ்டெப்னியில் வாலன்ஸ் ரோட்டில் ஹியூஸ் மேன்ஷன்ஸ் அடுக்கு வீட்டின் மேல் விழுந்தது. 134 பேர், அவர்களில் 120 பேர் யூதர்கள். ஆறு வாரத்தில் ஐரோப்பாவில் போரே முடிந்துவிட்டது. 1941 மே மாதம் டியூக்ஸ் பிளேஸில் இருந்த பெரிய தொழுகைக்கூடமும் எரிந்து போயிருந்தது. தொழுகைக்கூடம், இறைச்சிக் கடை, தையல் பட்டறை என்று ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டிருந்த வாழ்க்கை அது, இதில் இரண்டு போனால் மற்றது நிற்காது. பலர் வடக்கேயும் இல்ஃபர்ட் பக்கமும் போனார்கள்.

நேரில் பார்க்க ஓரிடம் சொல்லுங்கள் என்றால் கேபிள் ஸ்ட்ரீட் பக்கத்தில் செயின்ட் ஜார்ஜ் இன் தி ஈஸ்ட் தேவாலயத்தைச் சொல்வேன். ஹாக்ஸ்மூர் என்கிற கட்டடக் கலைஞர் கட்டியது, 1729. 1941 மே மாதம் உள்ளே முழுக்க எரிந்து, நான்கு சுவரும் கோபுரமும் நின்றன. கொஞ்ச வருடம் அந்தச் சுவர்களுக்கு நடுவில் ஒரு தகரக் கொட்டகையைப் போட்டு வழிபாடு நடத்தினார்கள். பிறகு இடிக்காமல், பழைய சுவருக்குள்ளேயே சிறிதாக ஒரு புதுத் தேவாலயம் கட்டி 1964-இல் திறந்தார்கள். முன்வாசலில் நுழைந்தால் உள்ளே வந்துவிட்டோம் என்று நினைப்பீர்கள், தலைக்கு மேல் வானம் தெரியும். அந்த முற்றத்தைக் கடந்தால்தான் புது வாசல். அந்த ஊர்க்காரர்கள் அந்த இடத்தை விட்டுப் போகாமல் அங்கேயே இருந்ததால்தான் அப்படி ஒன்று முடிந்தது என்று நினைக்கிறேன்.


நல்லூரான் எழுதியது:

எல்லாற்றை பதிவுகளையும் வாசித்துக்கொண்டு வந்தேன். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மேனர் பார்க்கில் இருக்கிறவன், முருகன் கோயிலுக்குக் கிட்ட. ஒரு விஷயம் சொல்லவேணும் போல இருக்கு.

பொம்பர் வந்து போட்டதையும் செல் அடித்ததையும் கண்ட எங்களுக்கு, வீடு உடைஞ்சால் என்ன என்பது தெரியும். உடைஞ்ச வீட்டைத் திரும்பக் கட்டலாம். காணி உறுதி கையில் இருக்கிறவர், காணிக்குள் போக விடுகிறவை இருந்தால், ஒரு அறையையாவது கூரை போட்டுக்கொண்டு இருப்பார். போக விடாட்டில்தான் பிரச்சினை. வலிகாமம் வடக்கில் 1990-இல் வெளிக்கிட்ட சனம், உயர் பாதுகாப்பு வலயம் என்று காணியை மறித்ததால் இருபது வருஷத்துக்கு மேலே முகாமிலும் வாடகை வீட்டிலும் இருந்தது. அங்கே நின்ற வீடு சிலது குண்டு விழாமலே இல்லாமல் போச்சுது. ஆகவே வாசகி அக்கா சொல்லுறது எனக்கு விளங்குது. குண்டு போட்டதற்குப் பிறகு யார் உள்ளே வரலாம், யார் வர ஏலாது என்று முடிவு செய்கிற ஆள்தான் ஊரை மாற்றுகிறவர்.

மற்றது, எண்பதுகளின் நடுவில் நாங்கள் ஈஸ்ட் ஹாமுக்கு வரேக்க இங்கே வாடகை மலிவு, காலி வீடும் கிடந்தது. ஏன் மலிவு என்று அப்ப யோசிக்கேல்லை. இருந்த குடும்பங்கள் எஸ்ஸெக்ஸ் பக்கம் போனது, துறைமுகம் 1981-இல் முழுக்க மூடினது, எல்லாம் சேர்ந்துதான் எங்களுக்கு இடம் கிடைச்சது. இண்டைக்கு ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் தோசைக் கடையும் நகைக் கடையும் இருக்கிற இடத்தில் முந்தி இருந்த சனத்தின்ரை கதையும் எங்கட பிள்ளைகளுக்குத் தெரியவேணும். தங்கச்சி, அந்தப் பாட்டியிட்டை இன்னும் கேளுங்கோ, அவ சொல்ல விரும்பினால் ஒலிப்பதிவு செய்து வையுங்கோ. காப்பகத்தில் குண்டு விழுந்த திகதி கிடைக்கும், எந்த வீட்டில் எந்தப் பிள்ளை இருந்தது என்பது அவவுக்குத்தான் தெரியும்.


தாமரைக்குளம் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி, நல்லூரான் அண்ணா, நீங்கள் சொன்னதைக் கட்டாயம் செய்கிறேன். 1950-களின் வரைபடத்தைப் பார்த்துவிட்டேன், எங்கள் வீட்டுக்கு அடுத்த மூன்று மனையும் வெறும் கட்டமாக இருக்கின்றன. முன்சுவரும் மேஸ்திரி மகன் சொன்னது மாதிரியேதான், அங்கே எல்லாக் கல்லும் நீளப்பக்கம், எங்கள் வீட்டில் மாறி மாறி. விரிசல் மாடி உயரத்தில், இரண்டும் சேரும் இடத்திலிருந்து அரை அடி தள்ளி. இதை வைத்துக்கொண்டு பின்பக்கம் கட்டலாமா? தோண்டும்போது ஏதாவது வந்தால்?


மேஸ்திரி மகன் எழுதியது:

கட்டலாம், ஆனால் முதலில் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வைத்து அந்தச் சுவரைப் பாருங்கள். விரிசல் இப்போது நகர்கிறதா, இல்லை 1940-இல் வந்தது அப்படியே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. விரிசலின் குறுக்கே ஓர் அளவுகாட்டியை ஒட்டிச் சில மாதம் குறித்து வைத்தால் தெரிந்துவிடும், கோடையில் ஒரு அளவு, மழைக்காலத்தில் ஒரு அளவு எடுங்கள், இங்கே அடியில் களிமண் இருந்தால் அதுவே சுருங்கி விரியும். பூசிப் பூசித் திரும்ப வருகிறது என்றால் யாரோ சிமெண்டால் பூசியிருக்கலாம், பழைய சுண்ணாம்புச் சுவருக்கு அது ஒத்துப் போகாது, சுண்ணாம்புக் கலவைதான் வேண்டும். பொதுச்சுவர் என்பதால் பக்கத்து வீட்டாருக்கு 1996 பொதுச்சுவர்ச் சட்டப்படி முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க வேண்டும்.

தோண்டும்போது இந்தப் பகுதித் தோட்டங்களில் வரக்கூடியது ஆண்டர்சன் பதுங்கு அறையின் மிச்சம், வளைந்த நெளிதகடும் கான்கிரீட் தரையும். நாலு அடி பள்ளம் எடுத்து இறக்கியிருப்பார்கள், பல பேர் போர் முடிந்ததும் மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்கள். அஸ்திவாரம் அந்த நிரப்பு மண்ணில் உட்காரக் கூடாது, அதற்குக் கீழே இறுகிய மண் வரை போக வேண்டும், மேஸ்திரியிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வெடிக்காத குண்டு வீட்டுத் தோட்டத்தில் வருவது அரிது, ஆனால் கிழக்கு லண்டனில் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. 2018 பிப்ரவரியில் கிங் ஜார்ஜ் துறைமுகக் குளத்தில் 500 கிலோ ஜெர்மன் குண்டு ஒன்று கிடைத்துப் பக்கத்தில் இருக்கும் சிட்டி விமான நிலையத்தையே ஒரு நாள் மூடினார்கள், உங்கள் வீட்டிலிருந்து அது ரொம்பத் தூரம் இல்லை. துருப்பிடித்து உருளையாகக் கனமாக எதாவது தட்டுப்பட்டால் கழுவிப் பார்க்கவோ நகர்த்தவோ வேண்டாம், ஆட்களை வெளியே கூட்டிக்கொண்டு வந்து 999 அழையுங்கள். விரிசலுக்குப் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து உள்ளேயும் வெளியேயும் படம் எடுத்து இங்கே போடுங்கள், இன்ஜினியரிடம் என்ன கேட்க வேண்டும் என்று எழுதித் தருகிறேன்.